மொட்டை மாடியில் ஒரு பச்சை வட்டம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொல்ல வாய் வந்திருந்தால் சொல்லியிருப்பேன். உன் பேரைச் சொல்லி ஒரு பொய் சொல்லிவிட்டேன் கண்ணு, அதை ஒப்புக்கொள்ளத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ ஊரை விட்டுப் போவதற்கு முந்தின வாரம் போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தாயே, நினைவிருக்கிறதா, எங்கேயும் டவர் கிடைக்காமல் கடைசியில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓரடி தள்ளி நின்றால் நன்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்து, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சின பச்சை பெயிண்டில் அங்கே ஒரு வட்டம் போட்டாய். இதுக்குள்ள நின்னு பேசும்மா, நான் பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கும் என்றாய். நான் ஒருத்தி நிற்கப் போட்ட வட்டத்தில் பதினோரு வருஷமாகத் தெருவே வந்து நின்றது. வெல்டிங் பட்டறைக்காரர் தனக்குப் பெண் பிறந்த செய்தியை அதற்குள் நின்றுதான் கேட்டார், அவ்வளவு பெரிய உருவம் தேம்பித் தேம்பி அழுதது. எதிர்வீட்டு நர்ஸ் பெண் தன் வேலைக்கான நேர்காணலை வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே முடித்தாள். ஒருவர் வட்டத்துக்குள் போனால் மற்றவர்கள் திரும்பி நின்று தெருவைப் பார்க்க வேண்டும், காதில் விழுந்ததைக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். அப்பா போன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். ஏழெட்டுப் பேருக்கு டீ போடுவேன், இந்த வீடு நிறைந்திருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பிராட்பேண்ட் பேச்சு வந்தது. தெருவில் நாற்பது வீடு சேர்ந்தால் பாதிக் கட்டணம், ஒரு வீடு குறைந்தாலும் கம்பி இழுக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். முப்பத்தொன்பது வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நாற்பதாவதாகத் தெருக்காரர்கள் என்னிடம் வந்தபோது, என் மகன் வேண்டாங்கறான், அவன் பேச்சை மீறி நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒன்றுமே தெரியாது, பாவம். அவரவர் வீட்டுக்கே நெட் வந்துவிட்டால் என் படியை யார் ஏறுவார்கள் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். பித்து பிடித்தது எனக்கு, கல் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது உனக்கு.

பின்வீட்டில் நாலு பெண்களை வைத்துப் பை தைக்கிறாளே, அவளை உனக்குத் தெரியும். போன மாதத்துக்கு முந்தின மாதம் அவளுக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடத்து ஆர்டர் வரும்போல இருந்தது, மத்தியானத்துக்குள் மாதிரிப் பையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கென்று கொட்டோ கொட்டென்று மழை. நான் குடை பிடிக்க, அவள் வட்டத்துக்குள் நின்று அனுப்பினாள், அனுப்பினாள், படம் போகவே இல்லை. ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவள் வீட்டு மெஷின் சத்தமே கேட்கவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே போய், மகன் சம்மதிச்சுட்டான் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இணைப்பு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வெல்டிங்காரர் கேட் டிசைனைப் போனிலேயே காட்டி அடுத்த ஊர் வேலை பிடிக்கிறார், பை தைக்கிறவளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆர்டர், புதிதாக இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள். சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் முதல் வாரம் பழக்கத்தில் போட்ட டீயை ஒவ்வொரு நாளும் செடிக்கு ஊற்றினேன். எட்டாம் நாள் ஆறு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். அவள்தான், தைத்த பைகளை அள்ளிக்கொண்டு வந்து வட்டத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை, என் மகன் வேண்டாம்னு சொல்லவே இல்லடி என்று உளறிவிட்டேன். தெரியும்க்கா, உங்க பையன் பேசறப்பல்லாம் நான் திரும்பித்தான் நின்னேன், காதைத் திருப்ப முடியுமா, ஒரு நாளும் நெட் பேச்சே வரலியே என்றாள். ஆர்டர் போன அன்றைக்கும் அவளுக்குத் தெரியும். பின்ன ஏன்டி யார்கிட்டயும் சொல்லல என்றேன். இங்க கேட்டதைக் கீழ கொண்டுபோகக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக் குடித்தாள். நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

தெருவில் எல்லாரும் உன் பெருந்தன்மையைப் புகழ்கிறார்கள், யாராவது கூப்பிட்டு நன்றி சொன்னால் இப்போதைக்கு ம் மட்டும் கொட்டு. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் மாடிக்கு டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நீ வீடியோவில் கூப்பிடாதே, உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. குழந்தைக்கு என் முத்தம், மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வட்டத்தில் பெயிண்ட் உரிந்து பாதிதான் மிச்சம், வரும்போது நீயே ஒரு பூச்சு அடித்துவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை அதற்குள் நின்றுதான் உண்மையைச் சொல்லப் போகிறேன், அன்றைக்கு மட்டும் யாரும் திரும்பி நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைக் கல்லாக்கிய
அம்மா