பால்போல் வெளுத்த சீரம்

இன்று காலை புத்தூர் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் நிரப்பிய ஒரு குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தேன். மேலே மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய சீரம் பால்போல் வெளுத்திருந்தது, அவ்வளவு கொழுப்பு. ஒரு லாரி டிரைவருடையது. அவரைப் போனில் பிடித்து, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கத்தாத குறையாகச் சொன்னேன். அதன்பிறகும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். உனக்கு எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது.

அன்று திருப்பதி ஆய்வுக்கூடத்தில் நம் இருவர் பொறுப்பில் மூன்று வரிசைக் கூண்டுகள். ஒரு வரிசை எலிகளுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குக் குளுக்கோஸ் கரைத்தது, மூன்றாவதற்குப் பழச்சர்க்கரை. எட்டு வாரம் கழித்து இரத்தம் எடுத்தோம். எடையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பழச்சர்க்கரை குடித்தவற்றுக்கு இரத்தத்தில் கொழுப்பு எகிறியிருந்தது, இன்சுலினும் கூடவே ஏறியிருந்தது. "வெளிய பாத்தா ஒண்ணும் தெரியல. உள்ள இன்னா ஆட்டம் ஆடிக்கினு கீது பாரு" என்றாய். அப்போதும் உன் கையில் கூல்டிரிங் பாட்டில். நகரியிலிருந்து பஸ்ஸில் வந்த வெயிலுக்கு ஒன்று, மதியம் ஒன்று, திரும்பும்போது ஒன்று. அந்தப் பாட்டில் சர்க்கரையிலும் பாதி பழச்சர்க்கரைதான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

ஒருநாள் விளையாட்டாகக் கையை நீட்டி, உன் இரத்தத்தையும் எடுக்கச் சொன்னாய். சுழற்றி எடுத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். எந்த எலிக்கும் அப்படி வெளுத்ததில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். ஆய்வேடு முடியட்டும் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊட்ல சொல்லாதடா, அவ பயந்துடுவா" என்றாய். நான் தலையாட்டினேன்.

ஐந்து மாதம். டாக்டரிடம் போனாயா என்று ஒவ்வொரு வாரமும் கேட்க நினைத்தேன். எலிகளைப் பற்றியே பேசினோம். வயிற்றுவலி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கணையம் வீங்கிப் புண்ணாகியிருந்தது. இரத்தத்தில் மிதந்த கொழுப்புதான் காரணம் என்றார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி உன் ஆய்வு நோட்டை என்னிடம் நீட்டினாள். எலிகளின் எண்களுக்குக் கீழே, கடைசி வரியில், 'நான்' என்று எழுதி உன் கொழுப்பளவைக் குறித்திருந்தாய்.

"இது இன்னாண்ணா? உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் நம்பினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நகரி பஸ்ஸில் ஏறினேன். இரண்டு முறையும் ஊர் வருமுன்பே இறங்கிவிட்டேன்.