விஷம் தின்னாத கிருமி

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து எனக்குச் சண்டைத் தோழியாகிப்போன ரேவதி அண்ணிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார், வயலுக்குப் போகிறார். பேச்சுதான் குறைந்துவிட்டது. ஆனால் நான் அழுவதற்காக இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

கம்பெனி விரிவாக்கத்துக்கு நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிக்கை வந்துவிட்டது அண்ணி. முழுதாகப் படித்தேன். உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி. "பெண்மணி ஒருவர் ஐயம் எழுப்பினார், உரிய விளக்கம் அளிக்கப்பட்டது." எந்தப் பெண்மணி? என்ன ஐயம்? விளக்கம் சொன்னது அவர்களா, நீங்களா? நான் அந்தக் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

இதை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண் நீங்கள். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, தினமும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். நான் இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் கடிதம் டைப் செய்தவள். அந்தப் பக்கத்துக் கழிவெல்லாம் ஒரு வாய்க்காலாக வந்து நம் ஏரியில் விழுகிறது. அதே ஏரித் தண்ணீர்தான் நம் நெல்லுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினீர்கள். வாய்க்கால் விழும் இடத்தில் கொஞ்சம் சேறு, மழைத்தண்ணீர் வந்து சேரும் மேல்கரையில் கொஞ்சம் சேறு, தனித்தனி பாட்டிலில். அம்மா தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எங்க மருமவ சேத்த அள்ளிக்கினு மெட்ராஸ் போவுது. இன்னான்னு கேட்டா ஆராய்ச்சின்னுது." சொல்லும்போது அவள் குரலில் பெருமை இல்லாமல் இல்லை.

அந்தச் சேற்றில் இருந்த உயிர்களின் மரபணுக்களைப் பிரித்துப் படித்தீர்கள். மேல்கரைச் சேற்றில் கணக்கில் அடங்காத வகைக் கிருமிகள். வாய்க்கால் வாயில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே மிஞ்சியதில் ஒன்று, உலோக விஷத்துக்கு நடுவிலும் சாகாமல் வாழ்ந்தது. அதைத் தனியாக வளர்த்து, அதன் மரபணுவை முழுதாகப் படித்ததும் நீங்கள்தான்.

ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. ஆய்வகத் தலைவர் பேப்பர்காரர்களைக் கூப்பிட்டு, விஷத்தைத் தின்னும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பேட்டி கொடுத்தார். கட்டுரையில் உங்கள் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது. அதைக்கூட நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தின்னும்" என்ற அந்த ஒரு சொல்தான் உங்களைத் தூங்கவிடவில்லை. கட்டுரையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று நாலு நாள் புலம்பினீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் கம்பெனியை விரிவாக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம். மேனேஜர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். ஏரியில் கழிவைத் தானே சுத்தம் செய்யும் கிருமி இருப்பது ஆய்வில் உறுதியாகிவிட்டது, ஆகவே கூடுதல் கழிவால் ஏரிக்குப் பாதிப்பு இல்லை என்று. அதில் இருந்த எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன் அண்ணி. எவ்வளவு பொறுப்பான வேலைக்காரி நான்!

சாயங்காலம் உங்களிடம் சொன்னபோது நீங்கள் என்னைத் திட்டவில்லை. நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு, "யாரோட ஆராய்ச்சியப் போட்டுக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். உங்களுடையதுதான் என்றேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனிக்காக வந்த ஆலோசகர் திரையில் படம் காட்டி, உங்கள் ஏரி கொடுத்துவைத்த ஏரி என்றார். நீங்கள் எழுந்து மைக்கை வாங்கினீர்கள்.

"சார், அந்தக் கிருமி எதையும் தின்னல. அதோட மரபணுவப் படிச்சவ நான். உள்ள வர்ற விஷத்த வெளிய தள்றதுக்கு அதுக்குள்ள ஒரு பம்பு மாதிரி இருக்குது. தான் சாவாம இருக்கறதுக்காக, விஷத்தத் திருப்பித் தண்ணிலயே துப்புது. கூட இருந்த மத்த உயிரெல்லாம் செத்துப்போச்சி. ஊடு எரிஞ்சப்புறம் நிக்கிற ஒத்த செவுத்தக் காட்டி, ஊடு கெட்டியா இருக்குதுன்றீங்க."

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் திரும்பி உங்களைப் பார்த்தார்கள். ஆலோசகர் சிரித்துக்கொண்டே, அது மேடத்தின் சொந்தக் கருத்து என்றார். கூட்டத்தை நடத்திய அதிகாரி எழுத்தில் கொடுக்கச் சொன்னார். மறுநாளே கொடுத்தோம், நான்தான் டைப் செய்தேன். அறிக்கையோடு இணைத்த காகிதங்களில் அந்த மனு இல்லை. எங்கே போனது?

அந்த வாரமே ஆய்வகத் தலைவர் உங்களைக் கூப்பிட்டு, விஞ்ஞானத்தைக் கட்டுரையில்தான் பேசவேண்டும், கல்யாண மண்டபத்தில் அல்ல என்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவரை ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆய்வகத்தின் ஆய்வைத் திரித்து ஒரு கம்பெனி அனுமதி கேட்டபோது, அது தவறு என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லையா ஐயா? உண்மையைச் சொன்னவளை வெளியே அனுப்ப மட்டும் அவ்வளவு சுறுசுறுப்பா?

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, மனு கிடைத்ததற்கு ரசீது வந்ததா என்று என்னைக் கேட்டீர்கள். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

அறிக்கையைப் படித்த மறுநாள் உங்களோடு வேலை பார்த்த ஷாஹீனுக்கு போன் செய்தேன். அவள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் வந்தாள், கையில் ஒரு தாளோடு. படித்த மரபணுவை உலகத்தில் யாரும் பார்க்கும்படி ஒரு பொதுத் தளத்தில் ஏற்றிவைப்பார்களாமே? அந்தக் கிருமியின் பதிவில் சமர்ப்பித்தவர் என்று இருப்பது உங்கள் பெயர் அண்ணி. முழுப் பெயர், இன்ஷியலோடு. அந்த வெளிவிடும் பம்பு பற்றிய குறிப்பும் நீங்கள் எழுதினபடியே இருக்கிறது. நன்றியுரைக்குத் தள்ளியவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

அந்தத் தாளையும் உங்கள் பழைய மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். கம்பெனியின் கடிதத்தை டைப் செய்தவள் நான், அதில் இருப்பது பொய் என்று கையெழுத்துப் போட்டு ஒரு மனுவும் வைத்தேன். குமாஸ்தா புரட்டிப் பார்த்துவிட்டு, "எறந்துபோனவங்க சொன்னத இப்ப எப்டிம்மா எடுத்துக்கிறது?" என்றார்.

"அவங்க உயிரோட இருந்தப்ப எடுத்துக்கினீங்களா சார்?" என்றேன்.

அவர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

அடுத்த வாரமே மேனேஜர் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தேன். அவர் கேட்டுவிட்டு, "வேல வேற கெடைக்கும், வுடு. அவ சொன்னது ரிக்கார்டுல ஏறணும்" என்றார். நீங்கள் போனபிறகு அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

நேற்று பதில் வந்தது. ஏரியின் இரண்டு இடங்களிலும் புதிதாகச் சேறு எடுத்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும், அதுவரை விரிவாக்கத்துக்கு அனுமதி இல்லை என்று. இது வெற்றியா? வாய்க்கால் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைமடை நாற்று இந்தப் போகமும் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. ஆனால் பதிலின் முதல் பத்தியில் உங்கள் பெயர் இருக்கிறது. "பெண்மணி ஒருவர்" இல்லை.

செவ்வாய்க்கிழமை சேறு எடுக்க வருகிறார்கள். நான் கூடவே தண்ணீரில் இறங்குவேன். முடிவு வந்ததும் ஷாஹீனை உட்காரவைத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்பேன். "தின்னும்" என்று எவனாவது எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அடிக்கும்வரை திருவள்ளூருக்கு நடப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்த முறை பொய் சொல்லவில்லை.

மனுவோடு நிரப்பச் சொன்ன படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது அண்ணி. இறந்தவர் சார்பில் பேச நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று. அங்கே எழுதியதையே இங்கும் எழுதுகிறேன்.

அவர் கணவரின் தங்கை,
உங்கள் நாத்தனார்,
சுமதி