மே மாதத்தில் வியர்க்கும் சுவர்

மே 2
மே தினத்துக்குப் பொரித்த பலகாரம் மிஞ்சிக் கிடக்கிறது. படுக்கையறைச் சுவரில் மறுபடியும் ஈரம். காலையில் துடைத்தேன், மாலையில் பழையபடி. கூரை ஒழுகுகிறதோ? அப்படியானால் இந்தக் கோட்டைத் தீவிலிருந்து எங்களைக் காலி செய்யச் சொல்லி, ஹெல்சிங்கி நகரத்தில் எட்டாவது மாடியைக் காட்டுவார்கள். படகு இஞ்சினோடு வாழ்ந்த என் கணவர் இல்போ, கடல் தெரியாத வீட்டில் என்ன செய்வார்? நான்?

மே 5
தூக்கமில்லை. சிப்பாய்களுக்காக ஸ்வீடன்காரர்கள் கட்டிய விடுதி இது. ரஷ்யர்கள் ஒரு மாடி ஏற்றினார்கள். உள்நாட்டுப் போரில் தோற்றவர்களை இதே வளைவுக் கூரையின் கீழ் அடைத்தார்கள். வகுப்பில் சொல்வேன்: ஒரு பழைய சட்டைக்கு ஆளாளுக்கு ஒட்டுப் போட்டதுபோல என்று. இப்போது எந்த ஒட்டு பிரிகிறது?

மே 9
மேஸ்திரி ஆர்த்தோ கூரையேறிப் பார்த்தார். "தகரம் கல்லு மாதிரி இருக்கு டீச்சர். ஒழுகல. ஜன்னலைத் தொறந்தீங்களா?"
சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலா! இவ்வளவு தடித்த சுவர், குளிர்காலத்தை ஜூன் வரை விடாது. மே வெயிலை நம்பி ஜன்னலைத் திறந்தால், கடற்காற்றின் ஈரம் பட்டு, குளிர்ந்த மோர்ப் புட்டிபோலச் சுவர் வியர்க்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. முற்றத்தில் நின்று அவர்களை விரட்டுகிறவரே இல்போதான். "சாத்துய்யா! உன் சுவரு அழுவுது பாரு!"

மே 10
ஈரம்.

மே 14
சவுனா நீராவிக் குளியலில் கீழ்வீட்டு ரைலி, கொதிக்கும் கல்லில் தண்ணீரை ஊற்றியபடி: "ஏன் டீச்சர், ஊருக்கே சட்டம் பேசுற உங்க வீட்டுக்காரர், நீங்க கடைக்குக் கிளம்புனதும் அத்தனை ஜன்னலையும் தொறந்து வெச்சுட்டு நிக்கிறாரே, குளிரெடுத்தா அப்புறம் சாத்துறாரே! நாங்க தொறந்தா மட்டும் கத்துவாரு!"
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆவியில் முகம் தெரியாதது நல்லதாயிற்று.

மே 15
கடைக்குப் போவதுபோல் கிளம்பிப் பாதியில் திரும்பினேன். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது.
"இல்போ, இது மே மாசம்."
"தெரியும். அதுக்கென்ன?"
"மே மாசத்துல தொறந்தா என்னாகும்?"
பரீட்சைபோலக் கேட்டுவிட்டேனே! சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படிக்காமல் வந்தவனின் முகம்.
"நீதான் சொல்லேன்."
கூரையே ஒழுகித் தொலைச்சிருக்கக் கூடாதா?

மே 27
மருத்துவர் சொன்னது நான் பயந்ததேதான். பழகின இடத்திலேயே இருக்கட்டும் என்றார். தீவுக்குத் திரும்பும் படகில் இல்போ இஞ்சின் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்து, "ரெண்டாவது வால்வு சரியில்ல" என்றார். படகோட்டி வியந்தான்: "நாளைக்குத்தான் மாத்தப் போறோம்!"
நினைவில் எது போகிறது, எது தங்குகிறது — யார் பிரித்தெடுக்கிறார்கள் இதை?

மே 30
"காரணம் புடிபட்டுதா டீச்சர்?" என்றார் ஆர்த்தோ.
"பட்டுது. நான் தொடைச்சுக்கறேன்."

ஜூன் கடைசி, நடுக்கோடை விழா
சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பு. இனிமேல் திறக்கலாம். இருவருமாக ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தோம். கரையில் விழாத் தீ மூட்டும் சத்தம். இல்போ வளைவுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.
"பெரிய விடுதியா இருக்கே. எத்தனை சிப்பாய் தூங்குறாங்க இங்க?"
"ரெண்டு பேர்."
"அப்ப இடம் தாராளம்" என்று, ஜன்னலோரம் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.