பாய், மைக் ஆனில்தான் இருந்தது

பாய்,

நேற்று சாயங்காலம் என் கையில் கொடுத்த மைக்கில் பாக்கு நெடி அடித்தது. எனக்கு முன்னால் பேசியவர் வாயில் குதப்பிக்கொண்டிருந்த சமாச்சாரம். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் குமட்டியது. கூடவே உங்கள் ஞாபகம் வந்தது. நீங்களாக இருந்தால் ஒருவர் பேசி இறங்கியதும் மேடையேறி, அத்தர் தொட்ட துணியால் மைக்கின் தலையைத் துடைத்த பிறகுதான் அடுத்தவரிடம் விடுவீர்கள். "ஒருத்தன் எச்சில்ல இன்னொருத்தன் பேசக் கூடாது நைனா" என்பீர்கள். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரை கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று உங்கள் சவுண்ட் சர்வீஸ் மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் அந்த வாசனை தெரியும்.

நேற்று நடந்தது நம் ஏரியா கட்சித் தலைவர் அண்ணனுக்கு நினைவேந்தல் கூட்டம். ஆமாம் பாய், அவரும் போய்விட்டார், உங்களுக்கு இரண்டு வருஷம் கழித்து. உங்கள் மய்யத்தை அடக்கம் செய்ய வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அண்ணனுக்கு பைபாஸ் வரைக்கும் கூட்டம் நின்றது. மேடைக்குப் பின்னால் ஆளுயர எழுத்தில் 'ஏழைகளின் குலசாமி' என்று பேனர். அதை முதன்முதலில் மைக்கில் கூவியவன் நான்தான். அண்ணன் கூட்டம் என்றால் அறிவிப்பாளர் நான், ஒலிபெருக்கி நீங்கள் என்று எத்தனை வருஷம் ஓட்டியிருப்போம்!

பழைய ஆள் என்பதால் என்னையும் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒரு வாரம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நல்லவர் என்று எழுதினால் கை கூசியது. கெட்டவர் என்று எழுதினாலும் கூசியது. எங்கள் தெருவில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய பெண்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது அவர்தான். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பால் பாக்கெட் கொடுத்தார். யார் வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்று பேர் சொல்லிக் கேட்பார். அதே மனிதரின் பிறந்தநாளுக்கு பேனர் வைக்காத கடை மறுநாள் திறக்காது. வேறு கட்சிக் காலண்டரை மாட்டிய டீக்கடைக்காரர் ஊரைவிட்டே போனார். அண்ணன் அள்ளிக் கொடுப்பார் பாய், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கொடுக்கும்போது காலில் விழுந்துதான் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது.

அந்தக் காலில் விழும் வேலைக்கு ஒத்திகை பார்த்தவன் நான். உங்களுக்குத் தெரியாததா? பரிசு வாங்க வரும் பெண்களை மேடைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தி, "அண்ணன் குடுத்தாரு, அண்ணன் நல்லா இருக்கணும்னு சொல்லிட்டு வுழணும், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொடுப்பேன். மைக்கை அவர்கள் வாய்க்கு நேராக நான் பிடித்திருப்பேன், அவர்கள் கையில் மட்டும் தர மாட்டேன். அண்ணன் எனக்குப் போட்டிருந்த ஒரே சட்டம் அது.

அயனம்பாக்கம் ஏரிக்கரைக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தை மீறினேன். வீரத்தினால் இல்லை, காற்றினால். ஏரிக் காற்று பெயர்ப் பட்டியலைப் பறக்கடித்தது. குனிந்து பொறுக்குவதற்காக, பக்கத்தில் நின்ற செல்வியிடம் "கொஞ்சம் புடிம்மா" என்று மைக்கை நீட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைக்கிற பெண். மிக்ஸி வாங்க வந்தவள்.

அவள் விழவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ குடுக்கற மிக்ஸி நல்லாதான் கீது. அத்த வெக்கறதுக்குத்தான் ஊடு இல்ல. நேத்து உன் ஆளுங்க வந்து இட்ச்சிட்டாங்க. ஏரிய ஒட்டி உன் மச்சானுக்கு மண்டபம் கட்றதுக்கு எங்க ஊடுதான் கெட்ச்சுதா?"

அண்ணன் சிரித்த முகம் மாறாமல், மைக்கை அணைக்கச் சொல்லி இடது கையை மட்டும் உங்கள் பக்கம் வெட்டுவதுபோல் அசைத்தார். நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயரின் மேல் இருந்த உங்கள் கை விலகி மடிக்குப் போனது. அவள் முடிக்கும் வரை கை அங்கேயே இருந்தது. வானகரம் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் அண்ணனே மைக்கை வாங்கி, "தங்கச்சி கோவமா கீது. இந்த அண்ணங்கிட்ட கோவப்படாம வேற யார்கிட்ட கோவப்படும்?" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன்.

கார்க் கதவைத் திறந்துகொண்டே கேட்டார்: "அவ கையில மைக்க குட்த்தது யார்ரா?"

அம்மாவின் இருதய ஆபரேஷனுக்கான சிபாரிசுக் கடிதம் அப்போது அவர் சட்டைப் பையில் இருந்தது, இன்னும் கையெழுத்தாகாமல்.

"பாய்தாண்ணா. அவருதான் குட்றான்னாரு."

நாக்கு கூசவில்லை பாய். மனப்பாடம் மாதிரி வந்து விழுந்தது. அவர் அங்கேயே கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை நான் காலில் விழுந்து வாங்கினேன். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நெற்றி தரையில் படும்படி.

மறுநாள் உங்கள் ஹார்ன் ஸ்பீக்கர்கள் ஏரியில் கிடந்தன. ஆம்ப்ளிஃபயரைப் பிளந்து போட்டிருந்தார்கள். உங்களை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகு ஒரு காதுகுத்துக்குக்கூட யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. வானகரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேனாக நின்றீர்கள். நான் அந்த வழியே போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். செல்வி குடும்பம் திருமழிசைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. ஒருநாளும் தேடிப் போகவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நடிப்பு இல்லை பாய். அவருடைய நடிப்பை எத்தனையோ மேடையில் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். அந்த ஈரம் நிஜம். அவரை முழுசாக வெறுத்துத் தொலைக்க முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

அவர் பார்த்துவிட்டுப் போன மறுநாள் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள், தூக்குச் சட்டியில் கஞ்சியோடு. வராந்தாவில் உங்களைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

"பாய், அன்னிக்கி அது வந்து..."

"தெரியும் நைனா. கஞ்சி சூடா கீது, மொதல்ல அம்மாக்கு குடு."

அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகும் வரை அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று எத்தனையோ நாள் உங்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். பாருங்கள், அதற்கும் பழி உங்கள்மேல்தான்.

நேற்றைக்கு வருகிறேன். பேப்பரில் முதல் பாதி அம்மாவின் ஆபரேஷன், இரண்டாம் பாதி நீங்களும் செல்வியும். இரண்டையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவது, நடப்பது நடக்கட்டும் என்றுதான் மேடை ஏறினேன். முதல் பாதி பிரமாதமாகப் போயிற்று. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இன்னொண்ணும் சொல்லணும்" என்றேன். சொல்லிவிட்டு நின்றேன்.

அண்ணனின் மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கை அசையும் என்று பார்த்தேன். அசையவில்லை. "சொல்லுங்க" என்பதுபோல் தலையாட்டினார். ஒலிபெருக்கி ஆளைப் பார்த்தேன். அவர் செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் மைக்கை அணைத்துவிட்டால் போதும், சொல்ல வந்தேன், விடவில்லை என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரியலாம். ஒருவரும் அணைக்கவில்லை பாய். என் மூச்சு ஸ்பீக்கரில் புஸ்புஸ்ஸென்று கேட்டது.

"அண்ணன் புகழ் என்னிக்கும் வாழ்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சால்வையைத் தடவிப் பார்த்தாள். "ஸ்பீக்கர் சத்தம் ஊடு வரைக்கும் கேட்டுச்சி. நல்லாதான் பேசுன. அந்தக் கஞ்சி பாயப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அண்ணன் ஒரு நாள் வந்தாரு. அந்த மனுசன் அப்புறம் ஆஸ்பத்திரில இருந்த பன்னெண்டு நாளும் வந்தாரேடா" என்றாள்.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து போட முடியாத எடையை அவள் உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிட்டாள். உங்கள் கடை ஏன் போயிற்று என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தொழில் நொடித்துவிட்டது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

படிக்காத இரண்டாம் பாதி இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். இந்த வயதிலும் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், மைக் தேவையில்லை. நான்தான் இன்னும் எழுந்து போகவில்லை.