ஐந்து மணிக்குப் பிறகு திறந்த ஆய்வேடு

ஆடி 9, வெள்ளி.

நேற்று எங்கள் டைப்பிங் கடையை மூடும்போது கம்ப்யூட்டரில் புது விண்டோஸை ஏற்றியவன் நான்தான். காலையில் ஆய்வேடு டைப் செய்யும் பழைய தமிழ் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ஒரு கணம் மின்னி மறைந்தது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் அதே கதை.

எங்களிடம் ஆய்வேடு டைப் செய்யக் கொடுத்திருந்த செல்வி காடாம்புலியூரிலிருந்து ஒன்பதுக்கே வந்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் அதைக் கொடுக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் பதிவு ரத்து. அம்மா முந்திரி உடைத்துப் படிக்க வைத்த பெண்.

"எதிர்க் கடையில அந்த சாஃப்ட்வேர் ஓடுதுண்ணா. ஃபைல மட்டும் பென்டிரைவ்ல குடுங்க."

ஃபைலைக் கொடுத்தால் ஆள் வேறு கடைக்குப் போய்விடும் என்று அண்ணாமலை நகரில் எந்தக் கடையும் கொடுப்பதில்லை. முதலாளி சிரித்தார். "ஃபைலு வேணுமா? ஒங்க முந்திரித் தோப்புல காய்க்குதான்னு போய்ப் பாரும்மா."

பழைய விண்டோஸுக்கே திருப்புகிறேன் என்றேன். பிரிண்ட் எடுக்க வந்த கூட்டம் காத்து நிற்குமாம், முதலாளி விடவில்லை. அவர் சாப்பிடப் போன அரை மணி நேரம் அந்த ஃபைல் என் கைக்கடியில் இருந்தது. செல்வி என்னையே பார்த்தாள். நான் வேலைக்குப் பயந்து ஜெராக்ஸ் போட்டேன்.

ஐந்தடித்ததும் எழுந்து போனாள்.

கூட்டம் குறைந்தபின் பழைய விண்டோஸுக்குத் திருப்பினேன். ஏழு மணிக்கு ஆய்வேடு திறந்தது. ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை.

"பாத்தியாடா, நம்ம கடையிலயே தொறந்துடுச்சு" என்றார் முதலாளி.

ஆமாண்ணா என்றேன்.