பத்து நாள் ஊறட்டும்

அன்பு மகள் சங்கரிக்கு, கொச்சங்காடியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முட்டுவலி மட்டும் மழைக்குக் கூடியிருக்கிறது. உன் சுகத்தை நினைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பிறகு எனக்குச் சாயாகூட இறங்கவில்லை. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், எனக்கு மலையாளம் எழுத வராது, பொறுமையாகப் படி. பக்கத்து வீட்டுப் பெண் அஞ்சு இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அதுவும் நல்லதுதான்.

ஷார்ஜாவில் அந்த உரு, மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல், எட்டு மாதம் கரையில் கிடந்தது, பெயிண்ட் அடித்து வியாழக்கிழமை தண்ணீரில் இறக்குகிறார்கள், மறுநாளே சரக்கு ஏற்ற நீ சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமென்று முதலாளி நெருக்குகிறார் என்றாய். உன் படிப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் நீ படித்தது இரும்புக் கப்பல். வெயிலில் கிடந்த பலகை சுருங்கி இடுக்கு விட்டிருக்கும், பெயிண்ட் அதை மறைக்கும். பத்து நாள் சும்மா மிதக்கவிட்டால்தான் பலகை ஊறி இடுக்கு அடையும். இங்கே நம் படகு ஜெட்டியில் தூத்துக்குடித் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்த காலத்தில், உப்பு இறக்கிக் கூரை ஓடும் தேங்காய்நார்க் கயிறும் ஏற்றிப் போன காலத்தில், பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கிற கலப்பத்து வேலை எனக்கு. வரைபடம் கிடையாது, மேஸ்திரிகள் கண்ணளவில் கட்டிய தோணிகள், ஆனாலும் நாங்கள் பத்து நாள் என்றால் எந்த முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

ஒரே ஒரு தடவை மூன்றாம் நாளே ஏற்றலாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குத் தலைதீபாவளி, தூத்துக்குடிக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற அவசரம். அந்தத் தோணியில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி, உன் தங்கதுரை மாமாவும், சீக்கிரம் விடுங்க மச்சான், பண்டிகைக்கு நானும் வீட்ல இருக்கணும்லா என்று நச்சரித்தான். நானும் அம்மாவும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டோம், தோணி வரவில்லை. மற்றவர்களைக் கொல்லத்து வள்ளக்காரர்கள் கரை சேர்த்தார்கள், மாமா மட்டும் கிடைக்கவில்லை. புயலில் போனான் என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள். அன்றைக்குக் காற்றே இல்லை சங்கரி.

நான் வாயால் சொன்னதை நீ எழுதிக் கொடுக்கப் போகிறாயோ என்றுதான் பயப்படுகிறேன். வேலை போனால் போகட்டும், கப்பைக் கிழங்கும் மீனும் இங்கே இல்லாமலா போய்விடும். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பேனாவை எடுக்குமுன் எனக்குப் போன் போடு. அம்மா எடுத்தால் உருவைப் பற்றிப் பேசாதே, என்னிடம் கொடுக்கச் சொல். அவளிடம் நானே சொல்ல வேண்டும், முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லவில்லை.

உன் அப்பா,
இசக்கிமுத்து