வீட்டுக்கு ஓர் ஆள்

துர்யாலையின் அப்பாவுக்கு,

வீட்டுக்கு ஓர் ஆள் போருக்கு வர வேண்டும் என்று பெஷாவரிலிருந்து நீங்கள் எழுதியதை நேற்று நம் விருந்தினர் கூடத்தில் வாசித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தேநீர் மட்டும் மூன்று முறை கேட்டார்கள். ஊற்றி ஊற்றிக் கை சலித்துவிட்டது.

கடைசியில் உங்கள் சித்தப்பா மீராஜான் உள்வாசலுக்கு வந்தார்.

"எங்க பிள்ளைங்கள அனுப்புறோம் மருமகளே. ஆனா தலைவர் வீட்டு ஆளுதானே முன்னாடி நடக்கணும்? உன் மகன் துர்யாலை பெஷாவர்ல புத்தகத்தோடதான் சண்டை போடுறானாம்!"

கூடத்தில் சிரித்தார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. நம் வீட்டிலிருந்து நீங்கள் யாரை அனுப்புவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அவன் படிக்கட்டும் காகா. அவங்க அப்பா வெள்ளிக்கிழமை வந்து முன்னாடி நடப்பார்" என்றேன்.

உடனே எல்லோரும் பெயர் கொடுக்க எழுந்தார்கள்.

உங்கள் கம்பளிக் கோட்டை வெயிலில் காயவைத்திருக்கிறேன். தனியாகவே வாருங்கள்.

இப்படிக்கு,
துர்யாலையின் அம்மா